கூரைமேல் நின்றவன்

எழுது, புரோகிப்.
அன்புள்ள தெக்லாவுக்கு, அக்காள் யெவ்தோகா.
இடம் சஸ்காட்சுவான். எழுத்துக் கூட்ட வராவிட்டால்
காதில் விழுந்தபடி எழுது.

பத்து டாலருக்கு நூற்றறுபது ஏக்கர் என்றார்கள்.
பொய்யில்லை, தந்தார்கள்.
கல் இல்லை, பலகை இல்லை என்பதை மட்டும்
ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.
புல் இருக்கிறது.
பார்த்துக்கொண்டே நின்றால் தலை சுற்றும்,
கப்பலில் சுற்றிய அதே சுற்று.

மே மாதம் ஒனுஃப்ரி தண்டவாளம் போடக் கூலிக்குப் போனான்.
கோடரி ஒன்று, மண்வெட்டி ஒன்று விட்டுப் போனான்,
வயிற்றில் ஒன்று.
புரோகிப், கடைசியதை எழுதாதே.
பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் குழி, இடுப்பளவு.
ஹாப்கா பாவாடையில் மண் அள்ளிக் கொட்டினாள்.
ஓடைக்கரையில் பாப்லர் மரங்கள் உண்டு,
என் கணுக்கால் பருமன்,
அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.
வெட்டி ஊன்றி
வில்லோ விளாரை ஊடும் பாவுமாய்ப் பின்னினேன்.
வேலி பின்னியவளுக்குச் சுவர் வராதா?

களிமண், குதிரைச் சாணம், அறுத்த புல்.
கால் மரக்கும்வரை மிதித்தேன்.
மிதிக்கையில் பாடுவோமே நீயும் நானும்,
இங்கே பாட முடியாது தெக்லா,
வாயைத் திறந்தால் கொசு.

கூரைக்கு ஜெர்மானியன் ஒருவன்
கலப்பையும் எருதும் ஒரு நாள் இரவல் தந்தான்.
அவன் வீட்டு அழுக்குத் துணி முழுக்கத் துவைத்துத்தான்.
கொழு இறங்கியதும் நிலம்
கோடித்துணிபோல் சத்தமிட்டுக் கிழிந்தது.
அவ்வளவு வேர்.
கட்டம் கட்டமாய் வெட்டிச் சுமந்தோம்.
முதல் அடுக்கு புல்முகம் கீழே,
மேலடுக்கு புல்முகம் வானத்துக்கு.

வெளியே ஒரு நாள் மழை என்றால்
உள்ளே மூன்று நாள்.
விட்டத்திலிருந்து ஒரு பாம்பு தொங்கிக்கொண்டு
நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தது.
இதையும் விட்டுவிடு, அம்மா தூங்கமாட்டாள்.
இதை எழுது:
ஊன்றிய கம்புகளில் இரண்டு
வீட்டுக்குள்ளேயே துளிர்த்துவிட்டன.
கிள்ளலாம் என்று போனேன்.
ஹாப்கா அதற்குள் ஒன்றில்
தன் காலுறையைக் காயப்போட்டிருந்தாள்.

அடுப்பு மட்டும் நம் ஊர் அளவுக்கே கட்டினேன்.
வீட்டில் கால்பங்கு அது. மிச்சத்தில் நாங்கள்.

அக்டோபரில், முதல் பனி விழுந்த சாயங்காலம்,
பீட்ரூட் சூப் கொதிக்கிறது.
பொத்தென்று அதில் ஒரு பிடி மண்.
மாடு ஏறிவிட்டது என்று நினைத்தேன்.
எங்களுக்கு ஏது மாடு?
மறுபடியும் மண், இந்த முறை என் கழுத்தில்.
ஒரு காலடி. அப்புறம் இழுத்தாற்போல் இன்னொன்று.
அந்த இடது காலை எனக்குத் தெரியாதா தெக்லா.

"யெவ்தோகா!" என்று கத்துகிறான்
வெட்டவெளியைப் பார்த்து,
என் உச்சந்தலைக்கு மேலே நின்றுகொண்டு.
புல்லோடு புல்லாய்ப் போன வீடு
அவன் கண்ணில் படவில்லை.

நான் ஓடவில்லை.
ஐந்து மாதம். கொஞ்சம் தேடட்டும்.
அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தேன்.
ஆள் நிற்கிறான், மூட்டையும் முதுகில்,
கம்பு ஒன்றுகூட வளையவில்லை.
அதைப் பார்த்து முடித்த பிறகுதான்
கரண்டியால் கூரையை மூன்று தட்டு தட்டினேன்.

மேலே சத்தம் நின்றது.
வெகுநேரம் கழித்து,
தரையிடம் கேட்பதுபோல் மெல்லக் கேட்டான்:
"வாசல் எந்தப் பக்கம்?"

சூப்பில் மண்ணை முடிந்தவரை அரித்தெடுத்தேன்.
மிச்சத்தோடு குடித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுதான். பூசணி விதை இருந்தால்
கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.
கூரையில் ஊன்றிப் பார்க்கிறேன்.